வாய் கட்டாத பிடி அரிசிப் பானை

ஜப்பான்காரன் வந்த இரண்டாம் வருடம் என் கணவரைச் சயாமுக்கு ரயில் பாதை போடப் பிடித்துக்கொண்டு போனார்கள். மலாயாவில் ஈப்போவை அடுத்த செமோருக்குப் பக்கத்தில் எங்கள் தோட்டம். ரப்பர் மரங்களை வெட்டிவிட்டு மரவள்ளி நடச் சொல்லியிருந்தார்கள். நடப் போனவரை அங்கிருந்தே லாரியில் ஏற்றிவிட்டார்கள். நான் ஓடிப்போய்ச் சேர்ந்தபோது தூசிதான் பறந்துகொண்டிருந்தது. இனி எப்படி வாழ்வேன் என்று அந்த மண்ணிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

அன்றைக்கே ஒரு பொருத்தனை செய்தேன். எங்கள் வீட்டில் பிடி அரிசிப் பானை உண்டு. உலை வைக்கும்போதெல்லாம் ஆண்டவருக்கென்று ஒரு பிடி அதில் போட்டு, பிறகு கோயிலில் கொடுப்போம். சண்டை வந்ததும் போதகர் வருவது நின்றது. பானை அப்படியே கிடந்தது. தோட்டத்தில் அரிசியும் இல்லாமல் போனது. "ஆண்டவரே, செத்தாலும் உம்முடைய அரிசியைத் தொடமாட்டேன். அவரைத் திருப்பித் தாரும்" என்று பானையின் வாயைத் துணியால் கட்டினேன். சபை மூப்பர் ஆபிரகாம் அண்ணன் ஜெபக்கூட்டத்தில் என் பெயரைச் சொல்லி, இதுதான் விசுவாசம் என்றார். எனக்குப் பெருமையாக இருந்தது. ஏன் மறைக்க வேண்டும்?

தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தில் அடுத்த வீடு முனியம்மாவுடையது. இந்துப் பெண். அவள் புருஷனையும் அதே லாரிதான் கொண்டுபோனது. பிள்ளை பெற்று, கால் வீங்கி, பால் சுரக்காமல் கிடந்தாள். பிள்ளைக்கு அழக்கூடத் தெம்பில்லை. ஒருநாள் சுவரைப் பிடித்துக்கொண்டே என் வாசலுக்கு வந்தாள்.

"அக்கா, ஒரு பிடி அரிசி இருந்தா குடுங்க. கஞ்சி குடிச்சா பால் வரும்னு சொல்றாங்க."

"அது ஆண்டவர் அரிசி, புள்ள. தொடக்கூடாது."

"அவரு எப்பக்கா சாப்பிடுவாரு?"

கிண்டல் இல்லை. உண்மையாகவே கேட்டாள். அவர்கள் கோயிலில் சாமிக்குப் படைத்த பிறகு சோற்றை எல்லாருக்கும் கொடுப்பார்கள். எங்கள் ஆண்டவரும் சாப்பிட்டு முடித்தால் மிச்சம் கிடைக்கும் என்று நினைத்திருக்கிறாள்.

கதவைச் சாத்திவிட்டு முழங்கால் போட்டேன். ஜெபம் வரவில்லை. அந்தக் கேள்விதான் வந்தது. ஆண்டவர் மேல் உள்ள பிரியத்திலா பானையைக் கட்டினேன்? இல்லவே இல்லை. அதை அவரிடம் அடகு வைத்திருந்தேன். திறந்தால் என் கணவர் சயாமில் செத்துப்போவார் என்று பயந்தேன். மூப்பர் தந்த நல்ல பெயரும் போய்விடும். எனக்குக் கோபம் வந்தது. பச்சைப்பிள்ளையின் வயிற்றில் அடித்தால்தான் புருஷனைத் தருவார் என்றால், அவர் நான் நம்பின ஆண்டவரே இல்லை. வாய்விட்டே சொன்னேன்: "இந்தப் பிள்ளையைப் பிழைக்க வையும். என் புருஷனை இதோடு முடிச்சுப் போடமாட்டேன்."

துணியை அவிழ்த்தேன். வண்டு விழுந்திருந்தது. புடைத்துக் கஞ்சி வைத்தேன். அரிசி தீரும்வரை வைத்தேன். முனியம்மாவுக்குப் பால் ஊறியது. ஒரு காலையில் பிள்ளை வீறிட்டு அழுதது லயம் முழுக்கக் கேட்டது. நானும் கூட அழுதேன்.

மூப்பர் வந்தார். "நேர்ந்ததத் தொட்டுட்டியே எஸ்தர். அவகிட்ட நல்ல பேரு வாங்கத்தானே குடுத்த?"

"நல்ல பேரு உங்ககிட்டதான் வாங்குனேன் அண்ணே, பானையக் கட்டி வச்சப்ப. அத நீங்களே வச்சிக்கிங்க."

என் கணவர் திரும்பி வரவில்லை. பானையைத் திறந்ததுதான் காரணம் என்று இன்றும் சிலர் பேசுகிறார்கள். முனியம்மா புருஷனும்தான் வரவில்லை. அவள் எந்தப் பானையைத் திறந்தாள்? என் கணவருக்காக இன்னும் அழுகிறேன். ஆனால் ஆண்டவர் கேட்கவில்லை என்று என் முன்னால் யாரும் சொல்ல வேண்டாம். அந்தப் பிள்ளை இப்போது ஈப்போவில் பள்ளிக்கூடம் போகிறாள். ஆண்டவருக்கு நன்றி சொல்ல எனக்கு அது போதும்.

சகோதர சகோதரிகளே, ஜெபிக்கும்போது, 'இதை நான் எதற்காகக் கேட்கிறேன்' என்று ஆண்டவரிடமே கேட்டுப் பாருங்கள். பதில் சுடும். ஆனாலும் நம்பிக் கேளுங்கள், அவர் கைவிடமாட்டார்.

பிடி அரிசிப் பானை இன்றும் என் வீட்டில் இருக்கிறது. வாயைக் கட்டுவதில்லை. "அவரு எப்பக்கா சாப்பிடுவாரு?" என்று முனியம்மா கேட்டது இன்னும் என் காதில் இருக்கிறது. இப்போது பசியோடு யார் வந்து நின்றாலும், "ஒக்காரு, ஆண்டவர் சாப்பிடுற நேரந்தான்" என்று சொல்லி உலை வைக்கிறேன்.