பனியாற்றில் ஒன்றரை மணி நேரத் தாமதம்

என் மகள் பனியாறுகளை அளக்கிறவள். வருடத்தில் இரண்டு மாதம் இமயமலையில், மரங்கள் எல்லாம் முடிந்துபோன உயரத்தில், கூடாரத்தில் இருப்பாள். எங்கள் ஊர் எளாவூரில் இதை யாரிடம் சொன்னாலும், "ஐஸை இன்னாத்துக்கு அளக்கணும்?" என்று கேட்பார்கள். முதலில் நானும் அதைத்தான் கேட்டேன்.

கும்மிடிப்பூண்டியில் ஒரு ரோலிங் மில்லில் நான் ஷிப்ட் சூப்பர்வைசர். எனக்குப் புரிகிற மாதிரியே சொன்னாள். "உன் பர்னஸ்லருந்து வர்ற இரும்பு உருகியா இருக்கு? கட்டியாத்தான் இருக்கு. ஆனா ரோல்ல வுட்டா நீளுது இல்ல? ஐஸும் அப்படித்தான் நைனா. அதோட வெயிட்டே அத அமுக்கிக் கீழ தள்ளிக்கினு இருக்கு. அடியில தண்ணி பூந்தா வழுக்கிக்கினும் போவும்."

பனியில் துளை போட்டு மூங்கில் கழிகளை இறக்கிவிட்டு வருவார்கள். அடுத்த முறை கழி எவ்வளவு வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறதோ, அவ்வளவு பனி உருகியிருக்கிறது. நட்ட இடத்திலிருந்து எவ்வளவு தள்ளி நிற்கிறதோ, அவ்வளவு தூரம் பனியாறு நகர்ந்திருக்கிறது. முன்பெல்லாம் அடுத்த வருடமும் நின்ற கழிகள், இப்போது ஒரே கோடையில் முழுதாக வெளியே வந்து படுத்துவிடுகின்றன என்றாள். மேலே விழுகிற பனி கீழே உருகுவதற்கு ஈடாவதில்லையாம்.

அவள் மலையில் இருந்த ஒரு திங்கட்கிழமைக்கு இரண்டு நாள் முன்பு, கேன்டீனில் ஒருவர் தன் போனில் வீடியோ காட்டினார். எங்கேயோ மலையில் பனி உருகித் தேங்கிய ஏரி உடைந்து, பாலம் ஒன்றைத் தீப்பெட்டி மாதிரி அடித்துக்கொண்டு போனது. அதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

கூடாரத்துக்குப் பின்னால் இருக்கும் மேட்டில் ஏறினால்தான் அவளுக்கு சிக்னல் கிடைக்கும். காலை ஏழு மணிக்கு ஒரு முறை, மாலை ஆறு மணிக்கு ஒரு முறை பேசுவாள். அந்தத் திங்கட்கிழமை காலையும் பேசினாள்.

"இன்னிக்கு அந்தாண்ட பக்கத்துக் கழிங்க நைனா. நானும் இங்க உள்ளூர்க்காரர் ஒருத்தரும் போறோம். ஏழரைக்குக் கிளம்புறோம்."

நான் சுவரில் இருந்த தினசரி காலண்டரைப் பார்த்தேன். "இன்னிக்குத் திங்கக்கெழம. ஏழரைலருந்து ஒம்பது ராகு காலம்."

"ஐஸுக்கு ராகு காலம் தெரியுமா?"

"எனக்குத் தெரியும். ஒம்பதுக்கு மேல கிளம்பு. எனக்காக."

"பேஜாரு பண்ற நீ." சிரித்தாள். "சரி. ஒம்பது."

படித்தவன்தான் நான். டிப்ளமோ முடித்தவன். ஆனால் எங்கள் வீட்டில் புது வேலைக்கோ வெளியூருக்கோ யாரும் ராகு காலத்தில் படி இறங்கியதில்லை. அவள் ஒத்துக்கொண்டதும் மனசு லேசானது. அன்று மில்லில் இரண்டு டீ குடித்தேன்.

மாலை ஆறு மணிக்குப் போன் வரவில்லை. ஆறரைக்கும் வரவில்லை. நான் கூப்பிட்டால், தொடர்பு எல்லைக்கு வெளியே என்றது. மொட்டை மாடிக்குப் போனேன். நெடுஞ்சாலை செக்போஸ்ட்டில் நிற்கும் லாரிகளின் ஹாரன் சத்தத்தில் மணி அடித்தால் கேட்காதோ என்று போனைக் கையிலேயே பிடித்திருந்தேன்.

"அத மொறச்சிக்கினே இருந்தா அடிக்குமா?" என்றாள் என் மனைவி. "மேகம் மூடியிருக்கும். கீழ வாங்க." அப்படிச் சொன்னவளும் கீழே போகவில்லை.

ஏழரைக்கு ஒரு புது எண். அவர்கள் குழுத் தலைவர், ஆங்கிலத்தில் பேசினார். பதற வேண்டாம் என்று தொடங்கினார். கூடாரத்துக்கும் பனியாற்றுக்கும் நடுவே ஓர் ஓடை. பனி உருகி வருகிற தண்ணீர். காலையில் முழங்காலுக்குக் கீழே ஓடும். வெயில் ஏற ஏறப் பெருகி, மாலையில் ஆளை இழுத்துவிடும். இரண்டு மணிக்குள் திரும்பித் தாண்டிவிட வேண்டும். அவளும் அந்த உள்ளூர்க்காரரும் ஓடைக்கு வந்தபோது மூன்றரை. அக்கரையில் இரண்டு டார்ச் வெளிச்சம் தெரிகிறது. விடிந்து தண்ணீர் இறங்கினால்தான் வர முடியும்.

ஓர் ஓடை இருக்கிறது என்று அவள் என்னிடம் சொன்னதே இல்லை. சொன்னால் நான் தூங்கமாட்டேன் என்று அவளுக்குத் தெரியும்.

"ஏன் இவ்வளவு நேரம் ஆனது?" என்று கேட்டேன்.

"காலையில் தாமதமாகக் கிளம்பிவிட்டார்கள். என்ன காரணம் என்று தெரியவில்லை."

எனக்குத் தெரிந்தது. போனை வைத்ததும் மனைவியிடம் சொன்னேன். அவள் திட்டியிருக்கலாம். திட்டவில்லை. "ஸ்வெட்டர் போட்டுக்கினு போயிருப்பா" என்றாள், இரண்டு முறை.

கூடாரம் இல்லாமல், கல்லும் பனியும் கலந்த சரிவில், எத்தனை குளிர் என்று எனக்குக் கற்பனைகூடச் செய்ய முடியவில்லை. பிறந்ததிலிருந்து வெக்கையில் இருப்பவன். விடியும்வரை இருவரும் மாடியிலேயே உட்கார்ந்திருந்தோம்.

காலை ஏழே காலுக்கு மணி அடித்தது.

"நைனா." நாக்கு குளறியது. "வந்துட்டோம். கால் வெரலுதான் மரத்துப்போச்சி. டீ குடிச்சிக்கினு இருக்கேன்."

"என்னாலதாம்மா. நான்தான் உன்ன நிறுத்தி வெச்சேன்."

"ஓடை இருக்குன்னு நான்தான் உங்கிட்ட சொல்லல. வுடு. நாளைக்கு மிச்சக் கழிங்களப் பாக்கப் போறேன்."

போகாதே என்று வாய்வரை வந்தது. சொல்லவில்லை. "நாளைக்குத் தண்ணி எப்ப ஏறும்?"

"வெயிலு ஜாஸ்தியா இருக்கும்னு சொல்றாங்க. ஒன்ரைக்கே ஏறிடும்."

"அப்ப பன்னண்டரைக்கெல்லாம் தாண்டிடு."

மனைவி காலண்டரில் ஒரு தாளைத் தூக்கி அடுத்த நாளைப் பார்த்தாள். "இன்னாங்க, புதங்கெழம பன்னண்டுலருந்து ஒன்ரை வரைக்கும் ராகு…"

"தெரியும்" என்றேன். போனில் மறுபடி சொன்னேன்: "பன்னண்டரை. ஒரு நிமிஷம் தாண்டக் கூடாது. கூடாரத்துக்கு வந்ததும் மேட்டுல ஏறிப் போன் பண்ணு."

புதன்கிழமை பன்னிரண்டு மணியிலிருந்து மில்லில் நான் எதையும் பார்க்கவில்லை. ரோலில் ஒரு கம்பி வளைந்துகொண்டு போனதை, பக்கத்திலிருந்தவர் கத்திய பிறகுதான் கவனித்தேன். சட்டைப்பையில் இருந்த போனை உள்ளங்கையால் அழுத்திக்கொண்டு நின்றேன். ஒன்று பத்துக்கு அது அதிர்ந்தது. அவள் எண்.