அப்பா நிறுத்திய இடம்

மாதா கோயிலில் ஆர்கன் தொடங்கியதும் பக்கத்திலிருந்தவள், "ஒங்கப்பா போட்ட மெட்டுதானுங்களே! நடுவுல நிறுத்துற எடத்துல உசுரே போவுதுங்க" என்றாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பதுகளில் ஏலாக்குறிச்சி வீட்டில், திருவிழாவுக்காக அப்பா இந்த மெட்டைப் போட்டுக்கொண்டிருந்தார். மிதிக்க மிதிக்க ஆர்கனின் துருத்தி கிறீச்சிட்டது. அடுத்த அறையில் கைக்குழந்தையான தம்பிக்கு உடம்பு அனலாகக் கொதித்தது. அம்மா அப்பாவின் அறைக்கதவில் படபடவென்று அடித்தாள்.

"புள்ளைக்குக் கண்ணு சொருகுதுங்க! வண்டி கட்டுங்க, அரியலூர் ஆஸ்பத்திரிக்குப் போவலாம்!"

அப்பாவின் விரல்கள் நின்றன. துருத்தி மட்டும் மூச்சு வாங்கியது. பிறகு, விட்ட இடத்திலிருந்து வாசித்தார்.

தம்பியைப் புதைத்த மறுவாரம், திருவிழாவில் அந்த நிறுத்தத்தையும் சேர்த்தே வாசித்தார். ஊரே உருகியது. அம்மா மட்டும் எழுந்து வெளியே போனாள்.

இதோ, அந்த இடம் வருகிறது. பக்கத்திலிருப்பவள் கண்களை மூடிக்கொள்கிறாள். நான் எழுந்துகொள்கிறேன்.