நாற்பது நாள் ஓட்டம்

டெபோராவுக்கு வாய் கொஞ்சம் முந்திக்கொள்ளும். சாம்பல் புதன் ஆராதனை முடிந்து, பெண்கள் ஐக்கியக் கூட்டத்தில் ஒருத்தி காபியை விடுகிறேன், இன்னொருத்தி சீரியலை விடுகிறேன் என்று சொல்லிக்கொண்டிருக்க, இவள் எழுந்து ஈஸ்டருக்கு முந்தைய லெந்து நோன்பின் நாற்பது நாளும் ஒரு நாள்கூட விடாமல் ஓடுவதாகப் பொருத்தனை செய்துவிட்டாள். அம்மா தபீதாள் அதை இரும்புலியூர் முழுக்கச் சொல்லி முடித்தாள்.

காரணம் இல்லாமல் இல்லை. ஈஸ்டருக்கு மறுவாரம் காவலர் உடல்திறன் தேர்வு. வயது வரம்பில் இதுதான் கடைசி வாய்ப்பு. போன முறை ஓட்டத்தில் நாலே விநாடியில் கோட்டைவிட்டவள், இந்த முறை நானூறு மீட்டரை இரண்டு நிமிடம் பத்து விநாடியில் முடிப்பது என்று நோட்டில் எழுதி வைத்திருந்தாள்.

தாம்பரம் மைதானத்தில் பயிற்சி கொடுக்கும் ரோஹிணி அந்த நோட்டைப் பார்த்துவிட்டு, ஓய்வையும் இதிலேயே எழுது, ஆறு நாள் ஓடு, ஞாயிற்றுக்கிழமை காலை நீட்டிப் படு என்றாள். டெபோரா நன்றாகத் தலையாட்டினாள். ஞாயிறு விடியலில் ஆளில்லாத மைதானத்தில் தனியாக ஓடினாள். சபையார் முன்னால் வாக்குக் கொடுத்தவள் படுத்துக் கிடக்கலாமா?

இருபதாம் நாள் முழங்காலுக்குக் கீழே வலி தொடங்கியது. நடையைப் பார்த்தே ரோஹிணி கண்டுபிடித்துவிட்டாள்.

"வலிக்குதா?"

"இல்லக்கா, ஷூ புதுசு."

பச்சைப் பொய். துணிக்கட்டைச் சுற்றி, மேலே பேண்டை இழுத்துவிட்டு ஓடினாள். முப்பத்தோராம் நாள் வளைவில் திரும்பும்போது கால் தாங்காமல் விழுந்தாள். எலும்பில் விரிசல், ஆறு வாரம் ஓடக் கூடாது என்றார் டாக்டர். தேர்வுக்கு மூன்று வாரம்கூட இல்லை. சுவர் இருந்தால்தானே சித்திரம். அம்மா அழுது தீர்த்தாள். ரோஹிணி திட்டவே இல்லை. அதுதான் டெபோராவுக்குத் தாங்கவில்லை.

அந்த ஞாயிறு கட்டுப்போட்ட காலோடு ஓய்வுநாள் பாடசாலைக்குப் போனாள். ஆறு வருஷமாக அவள் எடுக்கும் வகுப்பு. பிளஸ்ஸி என்ற சின்னப் பெண் எழுந்து, காலண்டரில் சாம்பல் புதனிலிருந்து எண்ணினால் ஈஸ்டர் வரைக்கும் நாற்பத்தாறு நாள் வருகிறதே என்று கேட்டாள். வருஷா வருஷம் யாராவது ஒரு பிள்ளை கேட்கும் கேள்விதான். பதிலும் தானாக வந்தது.

"ஞாயித்துக்கிழமை லெந்து கணக்குல வராதும்மா. அதை விட்டுட்டு எண்ணினா நாப்பது."

சொன்ன பிறகுதான் அது அவள் காதில் விழுந்தது. நாலு ஞாயிறு ஓடியிருக்கிறாள். யாரும் அவளிடம் கேட்காத நாலு நாள். பிள்ளைகள் அடுத்த கேள்விக்குப் போய்விட்டார்கள். டெபோரா வேதப்புத்தகத்தை மூடிவிட்டு, காலைப் பார்த்தபடியே உட்கார்ந்திருந்தாள்.