இரண்டு டப்பாவில் ஒரே குழம்பு

வாத்தியார் உத்தியோகத்தில் பாடம் நடத்துகிற நேரம்தான் ஓய்வு. மற்ற நேரமெல்லாம் வேலை. ஒரு வருஷமாவது உதவித் தலைமையாசிரியராக இருந்து டைம்டேபிள் போட்டவர்கள் நான் சொல்வதை நம்புவார்கள். ஒருவருக்கு முதல் பீரியட் ஆகாது. ஒருவருக்குச் சாப்பாட்டுக்கு அடுத்த பீரியடில் கண் சொருகும். இன்னொருவருக்குப் பத்தாம் வகுப்பு ‘பி’ பிரிவு என்றாலே காய்ச்சல் வரும். பிள்ளைகளை மேய்த்துவிடலாம் சக வாத்தியார்களே, நம்மை மேய்ப்பதுதான் கஷ்டம். எண்பதுகளில் ஓசூர்ப் பக்கத்து அரசு மேல்நிலைப் பள்ளி ஒன்றில் நான் மேய்த்ததும் மேய்க்கப்பட்டதும் இங்கே கொஞ்சம். ஆட்களின் பெயரை மாற்றியிருக்கிறேன், குணத்தை மாற்றவில்லை.

தண்ணியில்லாத காடு

மேலதிகாரியோடு சண்டை போட்டால் ‘தண்ணியில்லாத காட்டுக்கு மாத்திடுவேன்’ என்பார்கள். தஞ்சாவூர்க்காரனான நான் சண்டை போட்டேன்; ஓசூருக்கு ஆர்டர் வந்தது. வந்து பார்த்தால் ஏரியில் தண்ணீர் இருந்தது, காலையில் ஸ்வெட்டர் போடுகிற குளிர் வேறு. பாஷைதான் மூன்று. வகுப்பில் நான் தமிழில் கேள்வி கேட்டால் கடைசி பெஞ்சில் தெலுங்கில் யோசித்துக் கன்னடத்தில் சிரிப்பார்கள்.

கம்பெனிகள் பெருகப் பெருகப் பிள்ளைகள் வந்துகொண்டே இருந்தார்கள். வாத்தியார்கள் மட்டும் வந்த வேகத்தில் சிபாரிசு பிடித்துச் சொந்த ஊருக்குத் திரும்பிவிடுவார்கள். கணக்குக்கு ஆள் கிடைப்பது குதிரைக்கொம்பு. தலைமையாசிரியை ராஜலட்சுமி மேடம் நெற்றி நிறையக் குங்குமத்தோடு என் ஆர்டரை மேலும் கீழும் பார்த்தார். உட்காரக்கூடச் சொல்லாமல் கேட்டார்: “சார், ஜாயின் பண்ண வந்தீங்களா, இல்ல லீவு லெட்டர் குடுக்க வந்தீங்களா?”

ஒரே குழம்பு

ஸ்டெல்லா டீச்சர் பாட்டனி. காவேரிப்பட்டினத்துக்காரர், எதற்கும் சிரிப்பார். ஜெயமணி டீச்சர் கணக்கு. நாகர்கோவில்காரர், லேசில் சிரிக்க மாட்டார். இருவரும் முப்பதைத் தாண்டியவர்கள், கல்யாணம் ஆகாதவர்கள். மூக்கண்டப்பள்ளியில் ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்துச் சேர்ந்து இருந்தார்கள். கம்பெனி வேலைக்கு வந்தவர்கள் ஒரே அறையில் கும்பலாகத் தங்குகிற ஊர் அது. இரண்டு டீச்சர்கள் ஒரு வீட்டில் இருப்பதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

ஸ்டாஃப் ரூமில் மதியச் சாப்பாடு பண்டமாற்று முறையில் நடக்கும். அதில் கரைகண்டவர் பி.டி. மாஸ்டர். இந்த இருவரிடம் வாங்கினால் லாபமே இல்லை என்பது அவருடைய நிரந்தரக் குறை, ஏனென்றால் இரண்டு டப்பாவிலும் ஒரே குழம்பு. அபூர்வமாக ஒருவர் டப்பாவில் தேங்காய் அரைத்த மீன்குழம்பும் இன்னொருவர் டப்பாவில் வெறும் தயிர்சாதமும் இருக்கும். அன்றைக்குக் கணக்கு வகுப்பில் சாக்பீஸ் நிறைய உடையும். பி.டி. மாஸ்டர் வாசலிலேயே மறித்து எங்களை எச்சரிப்பார்: “இன்னிக்கு ரெண்டு டப்பா, ரெண்டு கொழம்பு. யாரும் கிட்ட போயிடாதீங்க சார்!”

அண்ணன் தம்பி

ராஜலட்சுமி மேடத்துக்கு நல்ல மனசு. நல்ல மனசுக்காரர்கள் சும்மா இருக்க மாட்டார்கள் என்பதுதான் சங்கடம். “பாவம் சார், ரெண்டும் ஒண்ணை விட்டு ஒண்ணு இருக்காதுங்க. தனித்தனியா கட்டிக்கிட்டுப் போனா ஏங்கிடுங்க” என்று என்னிடம் கவலைப்படுவார். யோசித்து யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தார். கம்பெனியில் வேலை பார்க்கும் ஒரு கிறிஸ்தவ அண்ணன் தம்பி. அண்ணனுக்கு ஜெயமணி, தம்பிக்கு ஸ்டெல்லா. இருவரும் ஓரகத்திகளாகி ஆயுசுக்கும் ஒரே வீட்டில் இருக்கலாம் அல்லவா? டீச்சர்களில் ஒருவர் கத்தோலிக்கர், ஒருவர் புராட்டஸ்டன்ட் ஆயிற்றே என்றேன். “சபைதானே வேற, சாமி ஒண்ணுதானே சார்” என்று என் வாயை அடைத்துவிட்டார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மேடம் வீட்டில் கேசரியும் பஜ்ஜியும் தயாராயின. சாட்சிக்கு நானும் போனேன். அண்ணன் தம்பி புதுச்சட்டையோடு வந்து, சாப்பிட்டு, வெட்கப்பட்டு, விடைபெற்றார்கள். மேடம் ஆவலோடு டீச்சர்களின் முகத்தைப் பார்த்தார். ஜெயமணி டீச்சர் தரையைப் பார்த்தார். ஸ்டெல்லா டீச்சர் வழக்கம்போலச் சிரித்துக்கொண்டே சொன்னார்: “நாங்க இப்பவே ஒரே வூட்டுலதான மேடம் இருக்கறோம். நடுவுல ரெண்டு ஆம்பளைங்க என்னாத்துக்கு மேடம்?”

கடைசி பீரியட்

மேடம் அதைக் கேலிப்பேச்சு என்று எடுத்துக்கொண்டார். எனக்கு ஜெயமணி டீச்சரின் முகத்தைப் பார்த்ததும் விளங்கிவிட்டது. இவர்கள் சிநேகிதிகள் மட்டுமில்லை. ஒருவர் மேல் ஒருவர் பிரியம் வைத்துக் குடித்தனம் நடத்துகிறவர்கள். இப்போது தன்பாலீர்ப்பு என்று தமிழிலேயே சொல் வந்துவிட்டது. அன்றைக்கு என்னிடம் சொல்லும் இல்லை, அறிவும் இல்லை. முதலில் திக்கென்றுதான் இருந்தது. அப்புறம், என் வீட்டிலும்தான் ஒருவர் சமைக்க ஒருவர் குறை சொல்ல வண்டி ஓடுகிறது, இதில் என்ன பெரிய வித்தியாசம் என்று தோன்றியது.

அவர்களிடம் நான் எதுவும் பேசவில்லை. அடுத்த டைம்டேபிளில் இருவருக்கும் ஒரே நாட்களில் கடைசி பீரியட் காலியாக இருக்கும்படி போட்டுவிட்டேன், ஒரே பஸ்ஸில் வீட்டுக்குப் போகட்டும் என்று. டைம்டேபிளை ஒட்டிய அன்று ஸ்டெல்லா டீச்சர் அதன் முன்னால் வெகுநேரம் நின்றார். பிறகு என் மேஜைக்கு வந்து மெதுவாகச் சொன்னார்: “எங்களுக்கு ஒருத்தரும் மொய் வைக்கலன்னு இருந்துச்சு சார். நீங்க வெச்சிட்டீங்க.”

எந்தப் பொண்ணு?

ப்ளஸ் டூவில் முனிரத்தினம் என்று ஒரு பையன். அவன் அம்மாவுக்கு ரோஜாத் தோட்டத்தில் வேலை; அப்பா இல்லை. அவனும் பக்கத்து பெஞ்சு சுரேஷும் ஒன்றாக வந்து ஒன்றாகப் போவார்கள். சுரேஷின் அப்பாவுக்கு பூனாவில் வேலை கிடைத்து, பாதி வருஷத்தில் குடும்பமே போய்விட்டது. அதோடு முனிரத்தினம் பேச்சை நிறுத்திவிட்டான். சாப்பாடும் குறைந்தது. வகுப்பில் பேர் கூப்பிட்டால் எழுந்து நிற்பான், அவ்வளவுதான்.

பள்ளிக்கூடம் கூடி யோசித்து, இது காதல் தோல்வி என்று தீர்ப்புச் சொன்னது. அதுவரை சரி. பெண் யார் என்று கண்டுபிடிக்கப் போனதில்தான் கோட்டை விட்டோம். பி.டி. மாஸ்டர் துப்பறியக் கிளம்பி, ரெட்டைச் சடை போட்ட பெண்கள் எல்லோரையும் முறைத்துப் பார்த்தார். இரண்டு பெண்கள் பயத்தில் அழுததுதான் மிச்சம். ஒருநாள் அவன் அம்மா வேலையை விட்டுவிட்டு வந்தார். கையில் முள் கிழித்த தழும்புகள். என் முன்னால் நின்று கும்பிட்டபடி சொன்னார்: “எந்த ஜாதிப் பொண்ணா இருந்தாலும் பரவால்ல சார். பேரை மட்டும் சொல்லச் சொல்லுங்க. நானே போயி அவங்க வூட்டுல கால்ல வுழறேன்.”

ஹெர்பேரியம்

ஸ்டெல்லா டீச்சர் மட்டும் பெண்ணைத் தேடவில்லை. செடிகளை அழுத்திக் காயவைத்து அட்டையில் ஒட்டுகிற ஹெர்பேரியம் வைக்காவிட்டால் பிராக்டிகல் மார்க் போய்விடும் என்று சொல்லி, முனிரத்தினத்தைச் சாயங்காலங்களில் லேபுக்கு வரச் சொன்னார். அவன் ஒட்டுவான், இவர் செடியின் பெயரைச் சொல்வார். கொஞ்ச நாள் இப்படியே போனது. ஒருநாள், “சுரேஷ் எப்பிடி இருக்கான்டா?” என்று மட்டும் கேட்டாராம். பையன் கோந்து டப்பாவைக் கீழே வைத்துவிட்டு, தேம்பித் தேம்பி அழுதிருக்கிறான். உலகத்திலேயே தனக்கு மட்டும்தான் இப்படி ஒரு மனசு என்று நினைத்திருக்கிறான். இல்லை, நானும் ஜெயமணி டீச்சரும் அப்படித்தான் என்று ஸ்டெல்லா டீச்சர் சொல்லிவிட்டார்.

மறுநாள் ஸ்டாஃப் ரூமில் நானும் டீச்சர்கள் இருவரும்தான் இருந்தோம். ஜெயமணி டீச்சர் வாசலை எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பினார். “ஒனக்கென்ன வட்டாட்டி, புத்தி கெட்டுப் போச்சா? ஊருக்குத் தெரிஞ்சா ஆளுக்கொரு பக்கமா தூக்கிப் போட்டுருவாவ. அப்பறம் எங்க போவோம்?” என்று கேட்டார். அந்த பயத்தில் நியாயம் இருந்தது. ஸ்டெல்லா டீச்சர் அன்றைக்குச் சிரிக்கவில்லை. “‘அப்ப இந்த மாதிரி மனசு இருந்தாலும், பெரியவங்களாகி உசுரோட இருக்கலாமா டீச்சர்’னு கேட்டான் ஜெயா. நான் வேற என்னா சொல்லட்டும்?”

மேடத்தின் கோபம்

பயந்தபடியே நடந்தது. முனிரத்தினத்தின் தாய்மாமா ஜூஜுவாடியில் லாரி வைத்திருப்பவர். எங்கள் பெற்றோர் ஆசிரியர் கழகத் தலைவரும் அவர்தான். பையனின் ஏக்கத்துக்கு மருந்தாகத் தன் மகளையே அவனுக்குப் பேசி வைக்கிறேன் என்று பாசத்தோடு கிளம்பினார். பையன் தாங்க முடியாமல், “வேணாம் மாமா, நான் ஸ்டெல்லா டீச்சருங்க மாதிரியே இருந்துக்கறேன்” என்று உளறிவிட்டான். மாமா துருவித் துருவிக் கேட்க, எல்லாம் வெளியே வந்துவிட்டது. மனிதர் நேராகப் பள்ளிக்கு வந்தார். இருவரில் ஒருவரையாவது மாற்ற எழுதிப் போடுங்கள், இல்லாவிட்டால் ஜில்லா ஆபீசுக்குப் போவேன் என்று கத்திவிட்டு, திங்கட்கிழமை வரை கெடு வைத்துப் போனார்.

மேடம் கதவைச் சாத்தினார். உங்களுக்குத் தெரியுமா என்று கேட்டார். தெரியும் என்றேன். மேடம் நாற்காலியில் உட்கார்ந்தார். “எனக்கு இது வெளங்கவே இல்ல சார். ஆனா அதுங்க ரெண்டும் தங்கமான பொண்ணுங்க. பிரிச்சா செத்துடுங்க” என்றார். கண்ணைத் துடைத்துக்கொண்டார். அதற்கப்புறம்தான் என் மேல் கோபம் வந்தது: “தெரிஞ்சவரு அன்னிக்கே ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா? அந்த அண்ணன் தம்பிக்கு முந்திரி போட்டுக் கேசரி கிண்டினேனே சார்!”

திங்கட்கிழமை

மேடத்தின் அறையில் ஒரு பக்கம் மாமா, ஒரு பக்கம் டீச்சர்கள் இருவரும். முனிரத்தினத்தின் அம்மா நாற்காலி போட்டும் உட்காராமல் கதவோரம் நின்றார். மேடம் எங்கள் கையில் இருந்த ஒரே ஆயுதத்தை எடுத்தார். ஒருவரை மாற்றினால் இன்னொருவரும் மாற்றல் கேட்டு வாங்கிக்கொண்டு போய்விடுவார். கணக்குக்கு ஓசூருக்கு யார் வருவார்கள், பரீட்சைக்கு யார் பதில் சொல்வது என்றார். “கணக்கு போனா போவட்டும் மேடம், மானம் போவுதே!” என்றார் மாமா. “அப்ப என்னை மாத்துங்க. ஜெயாவை விட்டுடுங்க, பசங்களுக்குக் கணக்கு வேணும்” என்றார் ஸ்டெல்லா டீச்சர். “அவ போனா நானும் போவேன்” என்றார் ஜெயமணி டீச்சர். மேடம் பேனாவைத் திறக்கவும் இல்லை, வைக்கவும் இல்லை. அன்றைக்கு என் நெஞ்சு அடித்துக்கொண்ட மாதிரி எந்த இன்ஸ்பெக்‌ஷனுக்கும் அடித்துக்கொண்டதில்லை.

அப்போதுதான் கதவோரத்தில் இருந்து அந்த அம்மா பேசினார். அண்ணனிடம் தெலுங்கில்தான் சொன்னார். அதற்குள் எனக்கு அது புரிகிற அளவுக்கு ஓசூர் ஊறியிருந்தது. “அவன் யார் மேல பிரியம் வெச்சான்னு எனக்கும் தெரிஞ்சிபோச்சுண்ணா. நானும் அழுதேன். ஆனா இந்த டீச்சரம்மா பேசினப்பறம்தான் அவன் சோறு தின்னான், அம்மான்னு கூப்பிட்டான். இவங்கள அனுப்பிட்டா நாளைக்கு அவன் மறுபடி வாயை மூடிக்குவான். அப்ப நீ வந்து பேச வெப்பியாண்ணா?”

ஜூன் மாதம்

மாமா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, கொடுத்த டீயைக் குடிக்காமல் போனார். ஜில்லா ஆபீசுக்குப் போகவில்லை. முனிரத்தினம் பரீட்சை எழுதித் தேறி, பாலிடெக்னிக்கில் சேர்ந்தான். லீவில் ஊருக்கு வந்தால் மூக்கண்டப்பள்ளி வீட்டில்தான் முதல் சாப்பாடு. ‘பொழுதன்னிக்கும் பேசிக்கிட்டே கெடக்கான்’ என்று ஜெயமணி டீச்சர் இப்போது அலுத்துக்கொண்டார்.

மாமா மட்டும் அந்த இருவரையும் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்வார். இரண்டு வருஷம் கழித்து ஜூன் மாதம், ப்ளஸ் ஒன் அட்மிஷன் நடந்துகொண்டிருந்தபோது, அவர் தன் மகளைக் கூட்டிக்கொண்டு என் அறைக்கு வந்தார். சுற்றுமுற்றும் பார்த்தார். குரலைத் தாழ்த்தினார்: “எங்க பாப்பாவை அந்தக் கணக்கு டீச்சரம்மா செக்‌ஷன்லயே போட்டுடுங்க சார். அவங்க எங்கயும் மாத்திக்கிட்டுப் போயிட மாட்டாங்களே?”

நான் ஓய்வு பெறும்வரை அந்த இரண்டு டீச்சர்களையும் யாராலும் பிரிக்க முடியாமல் போனதற்கு ஒரு தாயின் வார்த்தை பாதிக் காரணம், கணக்கு போஸ்ட்டுக்கு ஓசூரில் வேறு ஆளே கிடைக்காதது மீதிக் காரணம் என்பதை, சக வாத்தியார்களே, நாம் நமக்குள்ளேயே வைத்துக்கொண்டு, பெருமையை மட்டும் பள்ளிக்கூடத்தின் பெருந்தன்மைக்குக் கொடுத்துவிடுவோம்.