கணக்கு மாஸ்ரர் அழித்த வரி

எங்கள் தேவாலயத்தைப் பற்றிய பக்கத்தைப் பூட்டிவிட்டார்கள் என்று அறிந்த அன்று, கணக்கு மாஸ்ரர் ஆசிரியர் அறையில் வாய்விட்டுச் சிரித்தது இன்னும் என் காதில் இருக்கிறது. ஊர்காவற்றுறையில் ஒரே பள்ளிக்கூடத்தில் அவர் கணிதமும் நான் வரலாறும் படிப்பித்தோம். அவர் புளியங்கூடல் சைவர். மீன் வாடை பட்டாலே முகத்தைச் சுளிப்பார். நான் கடற்கரைக் கத்தோலிக்கக் குடும்பம். யாரும் எழுதலாம், யாரும் திருத்தலாம் என்றிருக்கும் இணையக் கலைக்களஞ்சியத்தில் இருவருமே எழுதினோம். தேவாலயம் நிற்கும் இடத்தில் முன்பு ஒரு பிள்ளையார் கோயில் இருந்ததென்றும் அதன் கற்கள்தான் அத்திவாரத்தில் கிடக்கின்றன என்றும் அவர் ஒரு வரி சேர்ப்பார். நான் அழிப்பேன். மறுநாள் அவர் திரும்பப் போடுவார். பகலில் பக்கத்துப் பக்கத்துக் கதிரையில் இருந்து தேத்தண்ணீர் குடிப்போம். அந்த வரியைப் பற்றி இருவரும் மூச்சு விடமாட்டோம். முகம் தெரியாத நிர்வாகி ஒருவர் பொறுமையிழந்து பக்கத்தைப் பூட்டி, முதலில் கலந்து பேசுங்கள் என்று குறிப்பெழுதினார்.

"ரீச்சர், எங்களைக் கதைக்கட்டாம்," என்றார் மாஸ்ரர். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

அன்றுதான் அவர் அந்த ஒழுங்கைச் சொன்னார். "உங்கட கோயிலை நான் எழுதுறன். எங்கட கோயிலை நீங்கள் எழுதுங்கோ. தன்ர கோயிலை ஒருத்தரும் தொடப்படாது." விளையாட்டுக்குச் சொல்கிறார் என்று நினைத்தேன். கணக்கு வாத்தியார் விளையாட்டுக்குக்கூடப் பிழையாகச் சொல்லமாட்டார் என்பது பிறகுதான் விளங்கியது. எங்கள் திருநாளுக்கு வந்து, பின்வரிசையில் கைகட்டி நின்று, பாட்டு எத்தனை, சொரூபத்தைத் தூக்கிப்போகும் சுற்றுப்பிரகாரம் எந்தத் தெருவால் போகிறது என்றெல்லாம் குறித்துக்கொண்டார். நான் அவருடைய அம்மன் கோயிலில் பெண்களோடு இருந்து பத்து நாள் திருவிழாவும் பார்த்தேன். பூசைக்கு நடுவில் ஐயரிடம் கேள்வி கேட்டு வாங்கிக் கட்டியதும் உண்டு.

நிர்வாகி பூட்டைத் திறந்து, எங்கள் பக்கத்தைக் கையில் எடுத்ததும் அவர் முதலில் செய்த வேலை, அந்த வரியை அழித்ததுதான். தான் எழுதிய வரியைத் தானே. "ஐயா சொன்னவர். சின்னனில என்னைக் கூட்டிக்கொண்டு போய்க் கல்லையும் காட்டினவர். ஆனா ஐயா சொன்னதை அச்சில ஒருத்தரும் எழுதேல்லையே," என்றார். அவருடைய தகப்பனார் பொய் சொல்லாதவர் என்பது ஊரறிந்தது. அப்படி இருந்தும் அழித்தார். அதன்பின் அவருடைய ஊர் ஆட்களே வந்து அந்த வரியைச் சேர்த்தார்கள். ஒவ்வொரு முறையும், ஆதாரம் தேவை என்று மரியாதையாக எழுதி மாஸ்ரர் நீக்கினார். உரையாடல் பக்கத்தில் அவரை ஏசினார்கள். ஏச்சு இணையத்தோடு நின்றிருந்தால் பரவாயில்லை. அம்மன் கோயில் சபையிலிருந்தும் அவரை விலக்கினார்கள். "நான் வேதக்காரனாம், கிறிஸ்தவனாய் மாறிட்டன் எண்டினம், ரீச்சர்," என்று ஒருநாள் சொன்னார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார், குரல் மட்டும் சரியில்லை.

அன்றுதான் அவர் கேட்டார். "அந்த வரிக்கு உங்கட ஆக்களிட்ட அச்சடிச்சது ஏதும் கிடக்கோ? ஒரு வரி எண்டாலும் காணும்."

கிடந்தது. அப்பாவின் அலுமாரியில், எங்கள் தேவாலயமே பழைய காலத்தில் அச்சிட்ட விழா மலர் ஒன்று கிடந்தது. அந்தக் காலப் பங்குத்தந்தை ஒருவர், இந்த இடத்தில் சிறிய பிள்ளையார் கோயில் ஒன்று இருந்தது, அதன் கற்களை அத்திவாரத்துக்கு எடுத்தார்கள் என்று அதில் எழுதியிருந்தார். எத்தனையாம் பக்கம் என்பதுகூட எனக்கு மனப்பாடம்.

"இல்லை மாஸ்ரர். அப்பிடி ஒண்டும் நான் காணேல்லை," என்றேன்.

"ரீச்சர் இல்லையெண்டால் இல்லைதான்," என்று எழுந்து வகுப்புக்குப் போனார்.

ஏன் அப்படிச் சொன்னேன்? அண்ணை பங்குச் சபையில் இருக்கிறார், ஊரில் சண்டை வரும், அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு நிலத்தைக் கேட்டு வருவார்கள் என்று எனக்கு நானே பல காரணம் சொல்லிக்கொண்டேன். என் கோயிலை நான் தொடக்கூடாது என்ற ஒழுங்கும் வசதியாக இருந்தது. உண்மை அதைவிடச் சின்னது. தோற்க எனக்கு மனமில்லை. வருடக்கணக்காக முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தபடி, அவருடைய அம்மனைப் பற்றி நடுநிலையோடு எழுதிக்கொண்டிருந்தேன். வெட்கக்கேடு.

இருவரும் ஓய்வுபெற்றோம். போன வருடம் மாஸ்ரர் நெஞ்சுவலி வந்து போய்ச் சேர்ந்தார். முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிச் சடங்குக்குப் புளியங்கூடலுக்குப் போனேன். சாப்பாடு முடிந்து கை கழுவும்போது அவருடைய மனைவி பக்கத்தில் வந்து நின்றார். "உங்கட கோயிலைப் பற்றி எழுதேக்க அவருக்குப் பயமே இல்லை. பிழை விட்டால் ரீச்சர் சொல்லுவா எண்டுவார்," என்றார். ஓம் என்று தலையாட்டிவிட்டு வந்தேன்.

வீட்டுக்கு வந்த கையோடு விழா மலரை எடுத்தேன். முதன்முறையாக ஒழுங்கை மீறி என் கோயிலின் பக்கத்தைத் திறந்து, மாஸ்ரர் அழித்த வரியைச் சேர்த்து, மலரின் பெயரையும் பக்க எண்ணையும் கீழே கொடுத்தேன். மாற்றத்துக்குக் காரணம் எழுதும் இடத்தில் ஆதாரம் கிடைத்தது என்று எழுத முடியுமா? கிடைத்துக் கனகாலம். ஆதாரம் சேர்க்கப்பட்டது என்று மட்டும் எழுதினேன்.

பிறகு சண்டைக்காகக் காத்திருந்தேன். ஒரு கிழமை போனது, ஒரு மாதம் போனது. யாரும் அழிக்கவில்லை, யாரும் ஏசவில்லை. பொறுக்கமுடியாமல் நானே கைபேசியைக் கொண்டுபோய் அண்ணையிடம் காட்டினேன். கண்ணாடியைப் போட்டு, ஒவ்வொரு சொல்லாக ஆறுதலாக வாசித்தார்.

"ஓம், அது அப்பாவும் சொல்லுறவர்தானே," என்று கைபேசியைத் திருப்பித் தந்தார். "இதை ஏன் இவ்வளவு நாளும் ஒருத்தரும் போடேல்லை?"