அடெலினோவின் வெள்ளைக் கிண்ணம்

இறந்தவருக்கான மாதப் பூசை முடிந்து எல்லோரும் மாதாகோவில் வாசலில் குடை விரித்துக்கொண்டிருந்தார்கள். ஒயின் கடைக்கார ஒராசியோ ஒரு பொட்டலத்தை ஜுல்மிராவிடம் நீட்டினார். உள்ளே, போன மாதம் இறந்த அவள் கணவன் அடெலினோ கடையில் குடித்துவந்த வெள்ளைப் பீங்கான் கிண்ணம்.

"நல்லா தேய்ச்சுக் கழுவிட்டேன் அக்கா. ஒரு கறை இல்ல."

அதுதான் அவளுக்குச் சுருக்கென்றது. அவர்களுடைய மின்ஹோப் பக்கத்துச் சிவப்பு ஒயின் கிண்ணத்தில் கறை பிடிக்கவேண்டும். பிடிக்காவிட்டால் தண்ணீர் கலந்திருக்கிறதென்று சண்டைக்கே போவார் அடெலினோ. அவர் வாய் வைக்கும் பக்கத்தில் நாவற்பழ நிறத்தில் ஒரு பிறை படிந்திருந்தது. மரியாதை என்று நினைத்து அதை ப்ளீச்சில் ஊறவைத்து அழித்திருக்கிறார் இந்த மனிதர்.

"கடைல அவரு உக்கார்ற இடம்?"

"பல்தசார் உக்காரட்டும்னு... கூடப் பொறந்த தம்பிதானே."

சாயங்காலம் மழை வலுத்தது. மகள் போர்த்தோ நகரத்திலிருந்து அனுப்பிய விலையுயர்ந்த புட்டி அலமாரியில் திறக்காமல் நின்றது. குளிருக்கு வீட்டில் ஒரு வாய் குடித்தால் யாரும் எதுவும் சொல்லப்போவதில்லை. ஜுல்மிரா கறுப்புச் சால்வையைப் போர்த்திக்கொண்டு, கிண்ணத்தை எடுத்துக்கொண்டு கிளம்பினாள்.

அவரைக் கூப்பிட அந்தக் கடை வாசல்வரை எத்தனையோ தடவை வந்திருக்கிறாள். "உள்ள வாடி, மழைல நிக்காத" என்பார். ஒரு நாளும் படியேறியதில்லை.

இன்று ஏறினாள். உள்ளேயிருந்த ஆண்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். சுவரோர பெஞ்சில், அடெலினோவின் இடத்தில், பல்தசார்.

"என்ன அண்ணி, யாருக்காவது உடம்பு சரியில்லையா?"

"எந்திரி."

"கறுப்பு உடுத்திக்கிட்டு இங்கயா? ஊர் என்ன பேசும்?"

"பாதிரியாரும் கறுப்புதான் உடுத்துறாரு. காலைல பூசைல குடிச்சாரே, நீ கேட்டியா?"

அடுப்போரம் ஒருவன் களுக்கென்று சிரித்தான். பல்தசார் எழுந்தார். அவள் உட்கார்ந்து கிண்ணத்தை மேசையில் வைத்தாள்.

"மகள் ஒசந்த ஒயின் அனுப்பியிருக்கறதா..." என்று இழுத்தார் ஒராசியோ.

"அது அலமாரில கெடக்கட்டும். நீ பீப்பாயத் திற."

இந்த வருடத்து ஒயின், கடையிலேயே விலை குறைந்தது. இளஞ்சிவப்பு நுரை ததும்ப ஊற்றினார். புளிப்பு நாக்கைச் சுருட்டியது. பிறகு நெஞ்சில் மெல்லச் சூடு பரவியது. கூடவே வைத்த வறுத்த மத்தி ஒன்றைக் கடித்துக்கொண்டு இன்னொரு மிடறு. அவரைப் போலவே கிண்ணத்தைச் சுழற்றி விளக்கில் பார்த்தாள். கிண்ணத்தின் வெள்ளை உட்புறத்தில் ஊதா வழிந்து ஒட்டியது.

"தண்ணி கலக்கல," என்றாள்.

ஒராசியோ முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"இனிமே இதுக்கு ப்ளீச் போட்ட, தெரியும் சேதி. அலசி, எப்பவும் இருந்த அலமாரித் தட்டுலயே வை. நாளைக்கும் வருவேன்." பிறகு பல்தசாரைப் பார்த்தாள். "ஏன் நிக்கிற? எதுத்தாப்ல முக்காலி கெடக்கு பாரு, உக்காரு."