துடைத்து வைத்த நாற்காலிகள்

ஹவுராவில் ஒரு சின்னப் பொறியியல் கல்லூரி. மாணவர்களுக்கு வேலை தேடித் தரும் அதிகாரி அவர். கொல்கத்தாவின் பாலிகஞ்சில் பிறந்த தமிழர்; மெலிந்த உருவம், கசங்காத வெள்ளைச் சட்டை. எங்கள் கம்பெனியின் கொல்கத்தா அலுவலகத்துக்கு உள்ளூரிலேயே ஆள் எடுக்க அந்தக் கல்லூரிக்குப் போயிருந்தேன். கம்ப்யூட்டர் படித்தவர்கள் கிடைக்காமல் அலுவலகத்தில் பாதி மேசைகள் காலியாகக் கிடந்தன.

நான் போனபோது அவர் ஈரக் கைக்குட்டையால் நாற்காலிகளைத் துடைத்துக்கொண்டிருந்தார். நாற்பது நாற்காலிகள். ஒவ்வொரு இன்டர்வியூவுக்கும் அவரே துடைப்பாராம். வந்தது ஒரே ஒரு பெண். மற்றவர்களுக்கு வரிசையாகப் போன் செய்தார். "இவன் பெங்களூர் போயிட்டான். இவளும் ரயில்ல இருக்காளாம்" என்று பட்டியலில் கோடு போட்டுக்கொண்டே வந்தவர், கடைசியில் போனைக் கவிழ்த்து வைத்தார்.

"தாதா" என்று வங்காளி வழக்கப்படி என்னை அண்ணனாக்கினார். "இந்தப் பொண்ணையாவது இங்க நிறுத்தணும். ஒருத்தி தங்கினா அடுத்த வருஷம் நாலு பேர் தங்குவாங்க. அவ ஒண்ணே ஒண்ணுதான் கேக்கச் சொன்னா. வேலை கத்துக்கொடுக்க நீங்க இங்கயே இருப்பீங்களா?"

"இருப்பேன்" என்றேன். சென்னைக்கு மாற்றல் கேட்டு அன்று காலைதான் எழுதிக் கொடுத்திருந்தேன்.

அவர் என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். விட வெகுநேரமாயிற்று.

அந்தப் பெண் சேர்ந்தாள். மூன்றாம் மாதம் நான் கிளம்பிவிட்டேன். இன்றும் துர்கா பூஜை முடிந்த மறுநாள் அவரிடமிருந்து விஜயதசமி வாழ்த்து வருகிறது. எங்கே இருக்கிறீர்கள் என்று மட்டும் அவர் கேட்பதே இல்லை.